நலம் திரும்பும் வழியில் ஒரு மிதிவண்டி

நோயுற்று மருத்துவமனையில் இருக்கும் நாள்களில் எப்போது சாப்பிடுவது, எப்போது மருந்து, எப்போது எழுந்து நடப்பது என்று எல்லாவற்றையும் சொல்ல ஆள் இருக்கிறார்கள். வீடு திரும்பிய பிறகுதான் ஒரு கேள்வி எழுகிறது: இனி நாள் முழுவதும் என்ன செய்வது?

நன்னிலம் வட்டாரத்தில் ஒவ்வொரு தெருவிலும் இப்படி ஒருவரையாவது நாம் அறிவோம். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர், பைபாஸ் செய்துகொண்டவர், பக்கவாதத்தில் ஒரு கை தளர்ந்தவர், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், சர்க்கரை நோயால் காலில் புண் வந்து ஆறியவர். நடவும் அறுப்பும் பார்த்தவர்கள், பள்ளிக்கூடம் நடத்தியவர்கள், கடை வைத்திருந்தவர்கள். இன்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தண்ணீர் எடுக்க எழுந்தாலும் வீட்டிலிருந்து குரல் வருகிறது: "நீங்க பேசாம உக்காருங்க. எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்."

அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அன்பு சில சமயம் ஒரு மனிதரை நிரந்தர நோயாளி ஆக்கிவிடுகிறது. உடல் தேறிவிடும், "என்னால் இனி ஒன்றும் ஆகாது" என்ற எண்ணம் மட்டும் தேறாது. இந்த எண்ணத்தைக் கரைக்கும் எளிய வழி ஒன்றைப் பற்றி இங்கே சிந்திப்போம். அது பெரும்பாலும் நம் வீட்டுக் கொல்லையிலேயே துருப்பிடித்துச் சாய்ந்து கிடக்கிறது.

ஓய்வுக்கும் ஓர் அளவு உண்டு

மாரடைப்பு வந்தவர் அசையவே கூடாது என்று மருத்துவ உலகமே நம்பிய காலம் உண்டு. வாரக் கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சாமுவேல் லெவின், பெர்னார்டு லோன் என்ற இரு மருத்துவர்கள், நோயாளிகளைச் சில நாள்களிலேயே சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அன்று அதுவே துணிச்சலான செயல். உட்கார்ந்தவர்களுக்குக் கேடு எதுவும் நேரவில்லை என்பதோடு, அவர்கள் நன்றாகவே தேறினார்கள்.

1955 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. அவருக்கு ஆலோசனை கூறிய இதய நிபுணர் பால் டட்லி ஒயிட், உடலுழைப்பு இதயத்துக்கு நண்பன் என்று விடாமல் எடுத்துச் சொன்னவர். முதுமையிலும் தாமே சைக்கிள் ஓட்டியவர். பாஸ்டனில் ஆற்றோரமாகச் செல்லும் ஒரு சைக்கிள் பாதைக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. ஐசனோவரோ தேறி எழுந்து, 1956இல் மறுபடியும் தேர்தலில் நின்று வென்றார்.

அளவுக்கு மீறிப் படுத்திருந்தால் என்ன ஆகும்? தசைகள் சில நாள்களிலேயே மெலியத் தொடங்கும். காலில் ஓடும் இரத்தம் மந்தமாகிக் கட்டியாக உறையலாம். நுரையீரலின் அடிப்பகுதியில் சளி தங்கும். பசி குறையும், தூக்கம் கெடும், மனம் சோரும். எனவே இன்றைய மருத்துவம், ஓய்வையும் உழைப்பையும் மருந்தைப் போலவே அளந்து கொடுக்கிறது. எந்த நாளில் எவ்வளவு என்பதை நம்முடைய மருத்துவரும் இயன்முறை மருத்துவரும்தான் சொல்ல வேண்டும். கீழே நாம் சொல்லப்போகும் எதுவும் அவர்கள் சொல்லுக்கு மாற்றாகாது.

மலையே இல்லாத ஊரில் மலை மிதிவண்டி

நம் பிள்ளைகள் ஒரு காலத்தில் அடம்பிடித்து வாங்கிய சைக்கிள்களை நினைத்துப் பாருங்கள். தடித்த டயர், நேரான ஹேண்டில்பார், முன்னால் ஷாக் அப்சார்பர், பின்னால் அடுக்கடுக்காகப் பல்சக்கரங்கள். ரேஞ்சர் என்றும் எம்.டி.பி. என்றும் கியர் சைக்கிள் என்றும் சொல்வோம். மேடு என்றால் ஆற்றுப்பாலத்தின் ஏற்றம் மட்டுமே இருக்கும் நம் சமவெளிக்கு மலை மிதிவண்டி எதற்கு என்று அன்று பெரியவர்கள் சிரித்ததும் உண்டு. பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். சைக்கிள் மட்டும் காற்று இறங்கிய டயரோடு கொல்லையில் நிற்கிறது.

இந்த வண்டி பிறந்ததே பழையதைக் கழற்றிப் பூட்டும் பழக்கத்தில்தான். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மெரின் என்ற மாவட்டத்து இளைஞர்கள் சிலர், 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட கனத்த சைக்கிள்களைத் தேடி வாங்கினார்கள். அவற்றில் தடித்த டயரும் நல்ல பிரேக்கும் கியரும் பொருத்தி மலைப்பாதையில் இறங்கிப் பார்த்தார்கள். 1976 அக்டோபரில் அங்கே ஒரு சரிவில் பந்தயமும் தொடங்கினார்கள். அதன் பெயர் 'ரீபேக்'. சரிவில் இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர ஹப்பிலிருந்த கிரீஸ் சூட்டில் உருகிப் புகைந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஹப்பைப் பிரித்துப் புதிய கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர் அது. அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் மலைக்கென்றே ஒரு சட்டத்தை வடிவமைத்துச் செய்தார். கேரி பிஷர், சார்லி கெல்லி ஆகிய இருவரும் 1979இல் இத்தகைய வண்டிகளுக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். பழைய சைக்கிளும் கிரீஸ் படிந்த கையும் சேர்ந்து உண்டாக்கிய வண்டி இது.

நோயிலிருந்து தேறுகிறவருக்கு இதில் இரண்டு வசதிகள் உண்டு. முதலாவது, கியர். முன்னால் 28 பல்லும் பின்னால் 28 பல்லும் உள்ள சக்கரங்களில் செயின் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரமும் ஒரு சுற்றுத்தான் சுற்றும். 26 அங்குலச் சக்கரம் என்றால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நகரும். பழைய பெரிய சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால், ஒரு மிதிக்கு ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். தூரம் அதிகம் என்றால் காலும் இதயமும் கொடுக்க வேண்டிய விசையும் அதிகம். கியர் சைக்கிளில் அந்த விசையை நாமே குறைத்துக்கொள்ளலாம். வேகம் வராது, மூச்சும் வாங்காது.

இரண்டாவது, தடித்த டயர். வாய்க்கால் கரையிலும் கப்பி ரோட்டிலும் அது குலுக்கலைத் தாங்கும், எளிதில் வழுக்காது. இன்னொன்று எல்லாச் சைக்கிள்களுக்கும் பொது. உடலின் எடையில் பெரும்பகுதியைச் சீட் தாங்குவதால், நடக்கும்போது முழங்காலில் விழும் பாரம் இதில் விழாது. குறையும் உண்டு. சில வண்டிகளில் குறுக்குக் கம்பி உயரமாக இருக்கும்; காலைத் தூக்கிப் போட முடியாதவருக்கு அது ஆபத்து. அப்படிப்பட்டவர்களுக்குப் பெண்கள் ஓட்டும் சைக்கிளைப் போலக் கம்பி தாழ்ந்த வண்டியே ஏற்றது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஓட்டுவதற்கு முன் பழுது பார்ப்போம்

சைக்கிள் என்றதும் ஓட்டுவதைத்தான் நினைக்கிறோம். ஆனால் தேறிவரும் முதல் வாரங்களில், ஓட்டுவதைவிட அதைப் பழுது பார்ப்பதுதான் பெரிய நன்மை தரும். இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன கைகளை, தசைநாண்களை இடம் மாற்றும் அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். கை நிமிர்ந்தது, ஆனால் அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பலருக்குத் தெரியவில்லை. ஊர் ஒதுக்கியவர்கள், தொழிலும் இல்லை. ஆகவே வேலூரில் 'நவஜீவ நிலையம்' என்ற குடியிருப்பு தொடங்கப்பட்டது. அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் அங்கே தங்கித் தச்சு வேலை கற்றார்கள். மரப் பொம்மைகள் செய்தார்கள். உளியும் சுத்தியலும் பிடித்துப் பிடித்துத்தான் புதிய விரல்கள் பழகின. வேலை செய்யச் செய்யக் கையும் தேறியது, கையின் சொந்தக்காரரும் தேறினார்.

வேலைகளைச் செய்யவைத்தே உடலைத் தேற்றும் இந்த முறையை ஆக்குபேஷனல் தெரபி என்று மருத்துவர்கள் அழைக்கிறார்கள். பக்கவாதம் வந்த கைக்கும் இது பொருந்தும். மூளையில் ஒரு பகுதி பழுதுபட்டாலும், திரும்பத் திரும்பச் செய்யும் செயலால் மற்றப் பகுதிகள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ள முடியும். வெறுமனே பந்தைப் பிசைவதைவிட, பயனுள்ள ஒரு காரியத்துக்காகக் கையை நீட்டுவதும் பிடிப்பதும் விடுவதும் அதிகப் பலன் தரும்.

ஒரு சைக்கிளில் இத்தகைய வேலைகள் எளிதிலிருந்து கடினம் வரை வரிசையாகவே இருக்கின்றன.

முதல் வாரம்: துடைப்பது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீட்டும் ஹேண்டில்பாரும் சாக்கின் மேல் இருக்கும்படி வேறொருவர் வைத்துக் கொடுக்கட்டும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ரிம்மையும் போக்ஸ் கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் துடைக்கலாம். இவ்வகைச் சைக்கிளில் பொதுவாகச் சக்கரத்துக்கு 36 கம்பிகள். நாளுக்குப் பத்துக் கம்பி என்றால் ஒரு சக்கரத்துக்கே நான்கு நாள் வேலை. அவசரமில்லை.

அடுத்து: செயினைச் சுத்தம் செய்து எண்ணெய் இடுவது. ஒரு கை பெடலைச் சுழற்ற, மறு கை துணியைப் பிடிக்க வேண்டும். தளர்ந்த கை பெடலைச் சுழற்றட்டும். தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒருங்கே அசையும்.

பிறகு: பஞ்சர் ஒட்டுவது. டியூபைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி தேடுவது, உப்புக் காகிதத்தால் தேய்ப்பது, சொலூஷன் தடவிக் காயவிடுவது, ஒட்டி அழுத்துவது. கண்ணும் விரலும் சேர்ந்து இயங்க வேண்டிய வேலை. ஆஸ்துமாவோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் சொலூஷன் வாடை படாதபடி காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும்.

கடைசியாக: ஹப்பைப் பிரித்து ஓவராயில் செய்வது. பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது பால்ரஸ் குண்டுகள், முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்துச் சிறிய குண்டுகள் இருப்பது வழக்கம். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து மீண்டும் அடுக்க வேண்டும். நடுங்கும் விரலுக்கு இதைவிட நல்ல பயிற்சி தேடினாலும் கிடைக்காது. கோனை இறுக்கியபின் சக்கரம் ஆடவும் கூடாது, கடிக்கவும் கூடாது. அந்தச் சரியான நிலை கைக்குத்தான் தெரியும். கைக்கு அது தெரிகிற நாளில், கை திரும்பி வந்துவிட்டது என்று மனத்துக்கும் தெரியும்.

சக்கரத்தின் கோட்டம் எடுப்பது, பிரேக் கேபிள் மாற்றுவது போன்றவை தெரியாவிட்டால் கடைவீதி சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம். அவரோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுவதும் மருந்துதான். நோயைப் பற்றிக் கேட்காமல் சைக்கிளைப் பற்றிக் கேட்கும் ஒருவரோடு பேசி எத்தனை நாளாயிருக்கும்!

வலி தெரியாத கைக்குக் கண்ணே காவல்

பால் பிராண்ட் தம் நூல்களில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். துருப்பிடித்த ஒரு பூட்டை அவர் எவ்வளவோ முயன்றும் திறக்க முடியவில்லை. தொழுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒரு சிறுவன் வந்து, சாவியை ஒரே திருப்பாகத் திருப்பித் திறந்துவிட்டான். இவ்வளவு பலமா என்று அவர் வியந்தபோது, சிறுவனின் விரலிலிருந்து இரத்தம் சொட்டியது. எலும்பு தெரியுமளவுக்கு வெட்டு. அவனுக்கு வலிக்கவே இல்லை. தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்ந்து போவதற்கு, வலி உணராத கையை அளவு மீறிப் பயன்படுத்துவது ஒரு முக்கியக் காரணம் என்பதை பிராண்ட் அறிந்துகொண்டார். உணர்ச்சியற்ற கைகளுக்கு ஏற்றபடி கருவிகளின் கைப்பிடிகளை மாற்றியமைப்பதிலும் கவனம் செலுத்தினார்.

இது நமக்கும் உரிய பாடம். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ள பலருக்குப் பாதத்திலும் சில சமயம் விரல்களிலும் உணர்ச்சி மங்கியிருக்கும். ஆகவே பழுது பார்க்கும்போது கையுறை அணிவோம். செருப்பின்றிப் பட்டறை வேலை வேண்டாம். வேலை முடிந்ததும் கையையும் பாதத்தையும் நல்ல வெளிச்சத்தில் பார்ப்போம். பாதத்தின் அடியைப் பார்க்க ஒரு சிறு கண்ணாடி போதும். துருப்பட்டு வெட்டினால், தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்று மருத்துவரிடம் சொல்வோம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்குச் சிறு வெட்டிலும் இரத்தம் நிற்கத் தாமதமாகும். அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இதய நோயாளிகள் கவனிக்க வேண்டியது இறுகிய நட்டு. கழலாத நட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு நெஞ்செலும்பு கூடிவர இரண்டு மூன்று மாதங்களாகும். அதுவரை பலமாக இழுப்பதும் தள்ளுவதும் தூக்குவதும் கூடாது. இறுகிய நட்டில் இரவே எண்ணெய் விட்டுக் காலை வரை காத்திருப்போம். அப்போதும் கழலாவிட்டால் நீண்ட பிடியுள்ள ஸ்பேனரை இளைஞர் ஒருவர் கையில் கொடுப்போம். இடப்பக்கப் பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்பதையும் மறக்க வேண்டாம். வழக்கம்போலத் திருகினால் அது மேலும் இறுகும். பலம் போதவில்லை என்று நாம் சோர்ந்துபோகும் இடத்தில், திசைதான் தவறாக இருக்கிறது.

சாலைக்கு வரும்போது

ஓட்டலாம் என்று மருத்துவர் சொன்னபின் தொடங்குவோம். பைபாஸுக்குப் பிறகு சுமார் மூன்று மாதம் வெளியே சைக்கிள் ஓட்ட வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை; கீழே விழுந்தால் நெஞ்செலும்பு தாங்காது. பக்கவாதம் வந்தவர்கள், உடல் சமநிலையோடு பார்வையையும் சோதித்துக்கொள்ள வேண்டும். சிலருக்கு ஒரு பக்கப் பார்வை மறைந்திருப்பது அவர்களுக்கே தெரியாது. அந்தப் பக்கமாக வரும் பேருந்தும் தெரியாது. மூட்டு மாற்றிக்கொண்டவர்களுக்கு முதலில் நிலையான உடற்பயிற்சிச் சைக்கிளே நல்லது. சீட்டின் உயரம், பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீளும்படி இருக்கட்டும்.

எவ்வளவு வேகம்? அதற்கு எளிய அளவுகோல் பேச்சு. மூச்சு வாங்காமல் இரண்டு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. பேச முடியாவிட்டால் அதிகம். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடியை எண்ணிப் பார்ப்பது சரியான கணக்குத் தராது. அவர்களுக்குப் பேச்சே நம்பகமான அளவு. ஆகவே கூட ஒருவர் சைக்கிளில் வந்தால் துணையும் ஆயிற்று, அளவுகோலும் ஆயிற்று.

முதல் நாள் பத்து நிமிடம் போதும். காலை வெயில் ஏறுமுன் போவோம். போகும்போது எதிர்காற்றிலும் திரும்பும்போது பின்காற்றிலும் வரும்படி பாதையைத் தேர்ந்துகொள்வோம். களைத்தபின் காற்று நம்மைத் தள்ளிக்கொண்டு வரும். மயிலாடுதுறை திருவாரூர் நெடுஞ்சாலையைத் தவிர்த்து, வயல்களுக்கு நடுவே போகும் ஊர்ச்சாலையைப் பிடிப்போம். தலைக்கவசம், பையில் தண்ணீர், சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு துண்டு கற்கண்டு, சட்டைப்பையில் பெயரும் மருந்துகளும் எழுதிய சீட்டு, கைப்பேசி. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை இவற்றில் ஏதேனும் வந்தால் அங்கேயே இறங்கி உட்கார்ந்து 108க்குச் சொல்ல வேண்டும். "வீடு வரை ஓட்டிவிடலாம்" என்ற வீம்பு வேண்டாம்.

ஆகஸ்டு பிற்பகுதியில் நம் ஊர்களின் வழியாக வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை செல்வோரையும், கொடி கட்டிய சைக்கிள்களில் செல்வோரையும் காண்கிறோம். நோய் தீர்ந்தால் சைக்கிளில் வந்து ஆரோக்கிய அன்னையைக் காண்பேன் என்று நேர்ந்துகொண்டவர்களும் அவர்களில் உண்டு. இத்தாலியில் கிசல்லோ குன்றின் மேலுள்ள மாதாவை மிதிவண்டி ஓட்டுநர்களின் பாதுகாவலியாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1949இல் அறிவித்தார். வேண்டுதல் நல்லதுதான். அதைச் செலுத்த அடுத்த ஆண்டு வரை காத்திருப்பதில் குறை ஒன்றுமில்லை. உடல் தயாராகுமுன் கிளம்பி வழியில் விழுவதை எந்தத் தாயும் விரும்பமாட்டார்.

பின்னடைவு வரும்போது

தேறுதல் நேர்க்கோட்டில் போவதில்லை. நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று மறுபடியும் மூச்சுத் திணறல் வரும். ஆறிய புண் மீண்டும் வாய் திறக்கும். "அவ்வளவுதான்" என்று மனம் உடைவது அப்போதுதான்.

அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட், 1986இல் பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்சை வென்றவர். 1987 ஏப்ரலில், வேட்டைக்குச் சென்ற இடத்தில் உடன் வந்தவரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து, உடலெங்கும் குண்டுகள் பாய்ந்தன. எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லை. இதயத்தின் உறையில் தங்கியவையும் உண்டு. சில மாதங்களில் வயிற்றில் மீண்டும் அறுவை சிகிச்சை. அடுத்த ஆண்டு காலில் அறுவை சிகிச்சை. மூன்றாம் ஆண்டில், 1989 ஜூலை 23 அன்று, டூர் பந்தயத்தின் கடைசி நாளில் அவர் 50 விநாடி பின்தங்கியிருந்தார். அன்று முழங்கைகளை ஊன்றிக் குனிந்து ஓட்டும் புதுவகை ஹேண்டில்பாரைத் தம் சைக்கிளில் பொருத்தியிருந்தார். காற்றின் தடையை அது குறைத்தது. 24.5 கிலோமீட்டர் ஓட்டத்தின் முடிவில், மூன்று வாரப் பந்தயத்தை 8 விநாடியில் வென்றார். உடம்பைத் தேற்றிய பொறுமையோடு, கைப்பிடியை மாற்றிப் பார்க்கும் மனமும் அவருக்கு இருந்தது.

ஆனால் எல்லாரும் லெமாண்ட் ஆவதில்லை. நமக்கு இன்னும் நெருக்கமானவர் மருத்துவர் மேரி வர்கீஸ். வேலூரில் பயிற்சி பெற்றுவந்த இளம் மருத்துவர். 1954இல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. நடக்கும் திறன் அவருக்குத் திரும்பவே இல்லை. ஆனால் கைகள் இருந்தன. பால் பிராண்ட் ஊக்கமளிக்க, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றார். பிறகு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் தலைமையில் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறை வளர்ந்தது. 1966இல் நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையமும் திறக்கப்பட்டது. 1972இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது.

போனதெல்லாம் திரும்பினால்தான் நலம் என்றால், மேரி வர்கீஸ் நலமடையவே இல்லை. ஆனால் அவரால் நலமடைந்தவர்கள் எத்தனை பேர்! எஞ்சியிருப்பதைக் கொண்டு பிறருக்குப் பயன்படத் தொடங்கும் நாளில் நலம் திரும்பிவிடுகிறது.

வீட்டாரும் அயலாரும் செய்யக்கூடியது

தேறுகிறவரின் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்க வேண்டாம். மருத்துவர் அனுமதித்த வேலையை அவரே செய்யட்டும். நாம் பத்து நிமிடத்தில் முடிப்பதை அவர் ஒரு மணி நேரம் செய்வார். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கடினம்தான்; அந்தப் பொறுமையே நாம் அவருக்குச் செய்யும் பணிவிடை. இயன்முறை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வழியில்லாதவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரும் இயன்முறைச் சிகிச்சையும் இடம்பெற்றது.

அக்கம்பக்கத்தில் உள்ளவர்களும் உதவலாம். நம் தெருக்களில் மேல்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு அரசு வழங்கிய சைக்கிள்கள் எத்தனையோ இருக்கின்றன. செயின் கழன்றும் பிரேக் தேய்ந்தும் ஓடுகின்றன. அவற்றில் ஒன்றைத் தள்ளிக்கொண்டு போய், "தாத்தா, இது கரகரங்குது, கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்கச் சொல்லுங்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுபோய் நலம் விசாரிப்பது வழக்கமாகிவிட்டது. அடுத்த முறை ஒரு வேலையையும் கொண்டுபோவோம்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடுவார். திருப்புளியும் குறடும் எங்கே என்று உள்ளே குரல் கொடுப்பார். அப்போது "நீங்க பேசாம உக்காருங்க" என்று சொல்லாமல் எடுத்துக் கொடுப்போம்.